இதய நோயாளியின் வீட்டில் சிபிஆர் தெரிந்தவர் யார்?

இதய நோய் உள்ளவர்களின் குடும்பத்தினர் சிபிஆர் என்னும், இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடச்செய்யும் உயிர்காக்கும் முதலுதவியைக் கற்றுக்கொள்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அவசர சிகிச்சை மருத்துவரும் பயிற்சியாளருமான எமது பத்தியாளர் இந்த இதழில் பதிலளிக்கிறார். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அவற்றுள் தெளிவான ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

கேள்வி: என் கணவருக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைக்கப்பட்டு, நலமாக வீடு திரும்பிவிட்டார். மாத்திரைகளை ஒருவேளைகூடத் தவறவிடுவதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது உணவு, நடைப்பயிற்சி, மாத்திரை என எல்லாவற்றையும் விளக்கினார்கள். சிபிஆர் பற்றி யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அப்படியென்றால் எனக்கு அது தேவையில்லை என்றுதானே பொருள்?

அப்படிப் பொருள்கொள்ள வேண்டாம். டிஸ்சார்ஜ் நாளின் பரபரப்பில், பில்லுக்கும் மருந்துச் சீட்டுக்கும் அடுத்த பரிசோதனைத் தேதிக்கும் நடுவில் இந்தப் பேச்சு விடுபட்டுப்போவது வழக்கமாக நடப்பதுதான். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது நீங்களே கேளுங்கள். மருத்துவமனையிலேயே சொல்லித்தரும் ஏற்பாடு இருக்கலாம், இல்லாவிட்டால் எங்கே கற்கலாம் என்றாவது சொல்வார்கள்.

ஏன் தேவை என்பதைப் புரிந்துகொள்ள, இரண்டு வேறு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அந்த நேரத்தில் பெரும்பாலான நோயாளிகளுக்கு நினைவு இருக்கும். வலிக்கிறது என்பார்கள், வியர்த்துக்கொட்டும், மருத்துவமனைக்கு அழைத்துச்செல்லச் சொல்வார்கள். கார்டியாக் அரெஸ்ட் என்பது இதயம் ரத்தத்தை வெளியேற்றுவதையே நிறுத்திவிடும் நிலை. இதயத்தை இயக்கும் மின்னோட்டம் தாறுமாறாகி, கீழறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கத் தொடங்கும். மூளைக்கு ரத்தம் போகாததால் சில நொடிகளிலேயே நினைவு தப்பிவிடும். மாரடைப்பின்போதே இது நேரலாம். பழைய மாரடைப்பு இதயத் தசையில் விட்டுச்சென்ற தழும்பின் காரணமாக மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் நேரலாம். ஸ்டென்ட்டும் மாத்திரைகளும் இந்த அபாயத்தைக் குறைக்கின்றன; முற்றிலும் இல்லாமல் செய்துவிடுவதில்லை. எக்கோ பரிசோதனை அறிக்கையில் இதயத்தின் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 35 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் அபாயம் கூடுதல் என்பதால், அந்த எண்ணை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மருத்துவமனைக்கு வெளியே நிகழும் கார்டியாக் அரெஸ்ட்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் வீட்டில்தான் நிகழ்கின்றன. ரத்தம் கிடைக்காத மூளை 4 முதல் 6 நிமிடங்களுக்குள் சேதமடையத் தொடங்கும். சிபிஆரும், துடிப்பைச் சீராக்கக் கருவியால் தரும் மின் அதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம்வரை குறைந்துகொண்டே போகிறது. எவ்வளவு விரைவாக வரும் ஆம்புலன்ஸும் இந்தக் கணக்கோடு போட்டியிட முடியாது; பக்கத்து அறையில் இருக்கும் நீங்கள் முடியும். பயிற்சி வகுப்புகளுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இளைஞர்களாகவும் அலுவலகம் அனுப்பிவைத்த ஊழியர்களாகவும் இருப்பதைப் பார்க்கிறேன். வரவேண்டியவர்களோ, இதய நோயாளியோடு பகலும் இரவும் ஒரே கூரையின்கீழ் தனித்திருக்கும் மனைவியும் கணவரும்தான்.

கேள்வி: இதயம் நின்றுவிட்டது என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது? எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. வெறும் மயக்கமாக இருந்து, நான் நெஞ்சை அழுத்தி ஏதாவது ஆகிவிட்டால்?

நாடி பார்க்க வேண்டாம். பொதுமக்களுக்கான வழிகாட்டு நெறிகளிலிருந்து நாடி பார்க்கும் கட்டம் 2000-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. பதற்றத்தில் உங்கள் விரல் நுனியின் துடிப்பையே நோயாளியின் நாடி என்று எண்ணிவிடக்கூடும். பயிற்சி பெற்றவர்களே அதில் தடுமாறுகிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டே. தோளைப் பிடித்து உலுக்கி, உரக்க அழைத்தால் பதில் வருகிறதா? மூச்சு இயல்பாக இருக்கிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்பது விடையானால், அவசர உதவி எண்ணுக்கு அழைத்துவிட்டு அழுத்தத் தொடங்க வேண்டும். மூச்சைக் கவனிப்பதற்கு 10 நொடிக்கு மேல் செலவிடக் கூடாது.

குடும்பத்தினர் ஏமாந்துபோகும் இடம் ‘இயல்பாக’ என்ற அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு மூச்சு முழுவதுமாக நின்றுவிடுவதில்லை. வாய் திறந்து, தாடை கீழிறங்கி, குறட்டை போலவோ விக்கல் போலவோ ஓர் ஒலியுடன் ஒரு மூச்சு வரும், பிறகு நீண்ட இடைவெளி, மறுபடி ஒன்று. மீனைத் தரையில் போட்டால் அது வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ‘மூச்சு வருகிறதே, ஆம்புலன்ஸ் வரட்டும்’ என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூச்சைப் பார்த்துத்தான் காத்திருக்கிறார்கள். இது மூளைத்தண்டின் கடைசி முயற்சி. மூச்சாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. சிலருக்கு விழுந்த உடனே கைகால் வெட்டி இழுப்பதும் உண்டு. வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள். இதய நோய் இருப்பது தெரிந்த ஒருவர் திடீரெனச் சரிந்து, சில நொடிகள் உதறி, பிறகு அசைவற்றுக் கிடந்தால் முதலில் இதயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வெறும் மயக்கமாக இருந்தால் என்ன ஆகும்? நினைவு திரும்பும் நோயாளி முனகுவார், உங்கள் கையைத் தள்ளிவிடுவார், நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். இதயம் நிற்காத ஒருவரைத் தவறுதலாக அழுத்துவதால் கடுமையான காயம் ஏற்படுவது அரிது. இதயம் நின்ற ஒருவரை அழுத்தாமல் விடுவதன் விளைவு மரணம். இந்த இரண்டில் எந்தத் தவற்றைச் செய்யலாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கேள்வி: எனக்கு வயது 64, மெலிந்த உடல், மூட்டுவலி வேறு. என் கணவர் என்னைப்போல் ஒன்றரை மடங்கு எடை உள்ளவர். பிள்ளைகள் வெளியூரில். என்னால் இதைச் செய்ய முடியும் என்று நினைக்கிறீர்களா, அல்லது கற்பது வீண்தானா?

வந்த கடிதங்களிலேயே இதைத்தான் முக்கியமானதாகக் கருதுகிறேன்; ஏனெனில் பயிற்சிப் படங்களில் வரும் திடகாத்திரமான இளைஞர் உங்கள் வீட்டில் இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

சிபிஆரில் உழைப்பது கைத்தசை அன்று, உடலின் எடை. நோயாளியின் மார்புக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, ஒரு கையின் அடிப்பகுதியை, அதாவது மணிக்கட்டை ஒட்டிய மேட்டை, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், நெஞ்சின் நட்டநடுவில் வையுங்கள். மற்றொரு கையை அதன்மேல் வைத்து விரல்களைக் கோத்து, விரல் நுனிகள் விலா எலும்பில் படாதபடி சற்றுத் தூக்கிக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. தோள்கள் நேராகக் கைகளுக்கு மேலே வரும்படி முன்னால் சாய்ந்து, இடுப்பிலிருந்து உடலை இறக்குங்கள். பெரியவர்களுக்கு நெஞ்சு குறைந்தது 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், 6 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. அதாவது ஒரு நொடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு.

வகுப்பில் உங்கள் வயதினர் செய்வதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். முதல் முப்பது அழுத்தங்கள் அநேகமாக எல்லோருக்கும் நன்றாகவே வருகின்றன. பயிற்சிக்கான பொம்மையின் மார்புக்குள் ஆழம் சரியாக இருக்கும்போது கேட்கும் ‘க்ளிக்’ ஒலி சீராகக் கேட்கும். அதன்பிறகு முழங்கை மெல்ல மடங்கத் தொடங்கும், ஒலி நின்றுபோகும், அழுத்துபவரோ ஒலி நின்றதைக் கவனிக்காமல் வேகத்தைக் கூட்டுவார். இன்னொன்றும் நடக்கும்: களைப்பில் உடலைப் பொம்மையின்மேல் சாய்த்தபடியே அழுத்துவார்கள்; நெஞ்சு முழுதாக மேலெழாது. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு தன் பழைய நிலைக்குத் திரும்ப விடவேண்டும். அந்த இடைவெளியில்தான் இதயம் மறுபடி ரத்தத்தால் நிரம்புகிறது. நிரம்பாத இதயத்தை எவ்வளவு அழுத்தினாலும் வெளியே போக ஒன்றும் இருக்காது. கையை மார்பிலிருந்து எடுக்காமல், பாரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தால் வேகம் தறிகெடுவதில்லை.

அவர் கட்டிலில் படுத்திருக்கும்போது நேர்ந்தால், மெத்தை அமுங்கி உங்கள் உழைப்பில் ஒரு பகுதியை விழுங்கிவிடும் என்பதால், தரைக்கு இறக்குவதே நல்லது. தூக்க முயல வேண்டாம். விரித்திருக்கும் போர்வையோடு சேர்த்து, தலை அடிபடாமல் தாங்கியபடி இழுத்து இறக்குங்கள். சற்றும் முடியவில்லை என்றால் அதோடு போராடி நிமிடங்களை இழக்காமல், கட்டிலிலேயே தொடங்குங்கள். முழங்காலிட இயலாதவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று குனிந்து செய்வதையும் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

களைப்பு கட்டாயம் வரும். துணைக்கு ஒருவர் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். அதற்குமேல் ஒருவரே செய்தால், களைப்பை அவர் உணர்வதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடுகிறது. நீங்கள் தனியாக இருந்தால், கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு அவர் தலைக்கருகே தரையில் வைத்துவிடுங்கள். அவசர உதவி எண்ணில் பேசுபவர் பல இடங்களில் சிபிஆருக்கு வழிகாட்டவும், உங்களோடு சேர்ந்து எண்ணவும் பழக்கப்பட்டவராக இருப்பார். பக்கத்து வீட்டாரைக் கூவி அழைக்கத் தயங்காதீர்கள். அந்தப் பக்கத்து வீட்டாரும் உங்களோடு வகுப்புக்கு வந்திருந்தால் இன்னும் நல்லது என்பதை இப்போதே யோசியுங்கள்.

உங்கள் அழுத்தம் ஓர் இளைஞருடைய அழுத்தத்துக்கு இணையாக இருக்காது என்பது உண்மை. மிகச் சரியாகச் செய்யப்படும் சிபிஆரே இயல்பான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரைதான் தருகிறது. அந்தக் கொஞ்சம்தான் மூளையைக் காத்து, மின் அதிர்ச்சி தரும் கருவி வந்துசேரும்வரை இதயத்தைச் சிகிச்சைக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கிறது. 1960-இல் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர் நெஞ்சைத் திறக்காமலேயே வெளியிலிருந்து அழுத்தி ரத்தத்தை ஓடச்செய்யலாம் என்று அறிவித்தபோதே, இதற்குத் தேவை இரண்டு கைகள் மட்டுமே என்பதைத்தான் வலியுறுத்தினார்கள். உங்களுக்கு இருப்பதும் அதுதான். கற்பது வீண் இல்லை.

கேள்வி: வாயோடு வாய் வைத்து ஊதுவது கட்டாயமா? அதை நினைத்தாலே தயக்கமாக இருக்கிறது.

கட்டாயம் இல்லை. பெரியவர் ஒருவர் கண்முன்னே திடீரெனச் சரிந்து விழுந்தால், பயிற்சி இல்லாதவர்களும் ஊதத் தயங்குபவர்களும் நெஞ்சை அழுத்துவதை மட்டும் செய்தால் போதும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008-இல் அறிவித்தது. அந்த முதல் நிமிடங்களில் ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் மிச்சமிருக்கும். அதை மூளைக்குத் தள்ளுவதுதான் அவசரம். ஊதுவதற்கு நேரமெடுத்து அழுத்தத்தை நிறுத்தி நிறுத்திச் செய்தால், மெல்ல மெல்ல ஏறியிருந்த ரத்த அழுத்தம் சட்டென விழுந்துவிடும்.

முறையாகக் கற்றவர்கள் 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்ற கணக்கில் செய்யலாம். குழந்தைகள், நீரில் மூழ்கியவர்கள், மூச்சுத்திணறி மயங்கியவர்கள் ஆகியோருக்கு மூச்சு கொடுப்பது மிகவும் தேவைப்படுகிறது; அவர்களிடம் ஆக்சிஜன் முதலிலேயே தீர்ந்துபோயிருக்கும். வீட்டில் பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தை இருந்தால் மூச்சு கொடுப்பதையும், குழந்தைகளுக்கான அழுத்த முறையையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, மார்பெலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அழுத்தினால் கம்பி பிய்ந்துவிடாதா? எலும்பு முறியும் என்றும் சொல்கிறார்களே?

எலும்பு முறிவது உண்மைதான். விலா எலும்போ மார்பெலும்போ முறிவது முதியவர்களிடம் சாதாரணமாக நிகழ்கிறது. கைக்கடியில் ‘மடக்’ என்று உணரக்கூடச் செய்யலாம். அப்படி உணர்ந்தால் கையின் இடம் சரிதானா என்று பார்த்துக்கொண்டு தொடர வேண்டும். பயந்து ஆழத்தைக் குறைக்கக் கூடாது. முறிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும்.

பைபாஸ் செய்தவருக்கும் இதே விடைதான். அறுவை சிகிச்சை முடிந்து ஆண்டுகள் ஆகியிருந்தால் எலும்பு நன்கு கூடியிருக்கும். அண்மையில் செய்திருந்தாலும், வீட்டில் இதயம் நின்றுபோன நேரத்தில் வேறு வழி கிடையாது. கம்பியைப் பற்றிய கவலையை அறுவை சிகிச்சை நிபுணரிடம் விட்டுவிடலாம்.

கேள்வி: என் மனைவிக்கு, துடிப்பு தாறுமாறானால் உடலுக்குள்ளிருந்தே மின் அதிர்ச்சி தரும் ஐசிடி கருவி பொருத்தியிருக்கிறார்கள். அவரைத் தொட்டால் எனக்கு ஷாக் அடிக்குமா? கருவியே இதயத்தைச் சரிசெய்துவிடும் என்றால் நான் எதற்கு?

நீங்கள் அழுத்திக்கொண்டிருக்கும்போது கருவி மின் அதிர்ச்சி கொடுத்தால், கையில் லேசான சுருக்கென்ற உணர்வு ஏற்படலாம். அதனால் உங்களுக்குத் தீங்கில்லை. கருவி வேலை செய்து அவர் கண் திறந்துவிட்டால் சிபிஆர் தேவையில்லை, மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் நினைவின்றி, இயல்பான மூச்சின்றிக் கிடந்தால் கருவிக்காகக் காத்திராமல் தொடங்குங்கள். கருவியால் சரிசெய்ய முடியாத துடிப்புக் கோளாறுகளும் உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் சிபிஆர் வழக்கம்போலத்தான்.

இதயத்துக்கு உதவும் எல்வாட் என்னும் பம்ப் பொருத்தப்பட்டவர்கள் மட்டும் தனி வகை. அவர்களுக்கு நலமாக இருக்கும்போதே நாடி தட்டுப்படாமல் போகலாம். கருவியின் ஒலி, எச்சரிக்கை விளக்கு, பேட்டரி ஆகியவற்றையும் பார்க்க வேண்டியிருப்பதால், அந்தக் குடும்பத்தினர் கருவியைப் பொருத்திய மையத்திலேயே தனிப் பயிற்சி பெற வேண்டும்.

கேள்வி: தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

வேண்டாம். இதயத்துக்குள் குழாய் செலுத்திப் பரிசோதிக்கும் அறையில், மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர் நினைவுள்ள நோயாளியைச் சில நொடிகள் இருமச் சொல்வது உண்டு. அந்தச் செய்தி எப்படியோ உருமாறி உலகமெங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டில் இதயம் நின்றவரால் இரும முடியாது. மாரடைப்பு வந்து நினைவோடு இருப்பவருக்கு இருமல் உதவாது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது: நெஞ்சில் வலியோ அழுத்தமோ வந்தால் உடனே அவசர எண்ணை அழைப்பது, வாசல் கதவைத் திறந்து வைப்பது, மருத்துவர் முன்பே சொல்லியிருக்கும் மாத்திரையை எடுத்துக்கொள்வது. நினைவிழந்தவரின் வாயில் மாத்திரையோ தண்ணீரோ எதையும் போடக் கூடாது.

கேள்வி: நெஞ்சில் பட்டை ஒட்டி வெளியிலிருந்து மின் அதிர்ச்சி தரும் ஏஇடி கருவியை வீட்டுக்கு ஒன்று வாங்கி வைக்கலாமா? வசதி இருக்கிறது.

வசதி இருந்தால் வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாங்கியதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதுதான் ஆபத்து. இதே கேள்வியோடு நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2008-இல் வெளிவந்தது. இதயத்தின் முன்பக்கச் சுவரில் மாரடைப்பு வந்து, ஐசிடி தேவைப்படாத 7,001 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவின் வீட்டாருக்கு சிபிஆர் பயிற்சியும், மற்றொரு பிரிவின் வீட்டாருக்கு அதோடு ஏஇடி கருவியும் கொடுத்தார்கள். இறப்பு விகிதத்தில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவி பயனற்றது என்று இதிலிருந்து முடிவு செய்யக் கூடாது. பலருக்கு யாரும் பார்க்காத நேரத்தில் இதயம் நின்றுபோனது, கருவி அலமாரியிலேயே இருந்தது. பொது இடங்களில் ஏஇடி பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

எனவே முதலில் பயிற்சி. பிறகு உங்கள் குடியிருப்பிலோ அருகிலோ ஏஇடி எங்கே இருக்கிறது என்ற தகவல். அதன்பிறகே சொந்தக் கருவி. அதைப் பயன்படுத்துவது கடினம் அன்று. மூடியைத் திறந்ததும் அதுவே பேசி வழிகாட்டும். துடிப்பை ஆராய்ந்து, தேவைப்பட்டால் மட்டுமே அதிர்ச்சி தரும். கருவியின் பட்டைகளை வெற்று மார்பில், ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். நோயாளி பெண் என்றால் உள்ளாடையையும் விலக்கத்தான் வேண்டும், அந்தக் கூச்சத்துக்கு அங்கே இடமில்லை. நெஞ்சில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் அதை அகற்றித் துடைத்துவிடுங்கள். பேஸ்மேக்கரோ ஐசிடியோ தோலுக்கடியில் புடைத்துத் தெரியும் இடத்தின்மேல் ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஒட்டுங்கள்.

கேள்வி: காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டால் போதாதா? வகுப்புக்குச் செல்ல நேரமில்லை. சான்றிதழ் அவசியமா?

சான்றிதழ் உங்களுக்குத் தேவையில்லை, கைப்பழக்கம் தேவை. வெறுமனே பார்த்த காணொளி, ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட மேல். ஆனால் 5 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு ஆழம் என்பதைக் கண் கற்றுக்கொள்ளாது. முதன்முதலாகப் பொம்மையை அழுத்தும் ஏறக்குறைய எல்லோரும், ‘இவ்வளவு பலமாகவா?’ என்று கேட்கிறார்கள். அந்த வியப்பு வகுப்பிலேயே தீர்ந்துவிட வேண்டும். சிபிஆர் பொம்மையை 1960-இல் உருவாக்கிய நார்வேக்காரரான ஆஸ்மண்ட் லார்டல் அடிப்படையில் பொம்மைத் தயாரிப்பாளர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அவருடைய தொழிலறிவு இல்லாமல் இந்தக் கல்வி மருத்துவமனைக்கு வெளியே இவ்வளவு தூரம் பரவியிருக்குமா என்று அவ்வப்போது எண்ணிக்கொள்வேன்.

நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. காற்றடைத்துப் பயன்படுத்தும் சிறிய பொம்மையை வைத்துக்கொண்டு, அரை மணி நேரக் காணொளியைப் பார்த்தபடியே அழுத்திப் பழகியவர்கள், சில மணி நேர வகுப்பில் கற்றவர்களுக்கு இணையாகச் செய்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் ஒருவர் அத்தகைய பொம்மையைப் பெற்றுவந்தால், அதைக் கொண்டே மற்ற எல்லோரும் பழகலாம்.

இந்தத் திறன் விரைவில் மங்கிவிடும். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே குறையத் தொடங்குகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிப்பதைவிட, சில மாதங்களுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் அழுத்திப் பார்ப்பது மேலான பலனைத் தரும். மருத்துவரிடம் மறுபரிசோதனைக்குச் செல்லும் மாதங்களையே இதற்கும் நினைவூட்டலாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் மூவரும் சேர்ந்து சிபிஆர் கற்கப் போகிறோம் என்றதும் அப்பா முகம் மாறிவிட்டது. ‘நான் சாகக் காத்திருக்கிறீர்களா?’ என்று கேட்டுவிட்டார். இனி எப்படிப் பேசுவது?

அவருடைய கோபத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். அதற்கு ஆதாரம் இருக்கிறது. 1986-இல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டார் சிபிஆர் கற்றுக்கொண்ட இதய நோயாளிகளிடம் மனக்கலக்கம் கூடுதலாகக் காணப்பட்டது. அதே ஆய்வாளர்கள் பின்னர் நடத்திய மற்றோர் ஆய்வில், பயிற்சியோடு மனம்விட்டுப் பேசுவதற்கான ஆதரவையும் சேர்த்துக் கொடுத்த குடும்பங்களின் நோயாளிகள் மற்றவர்களைவிட நன்றாகச் சமாளித்தார்கள். சிக்கல் பயிற்சியில் இல்லை. நோயாளியின் முதுகுக்குப் பின்னால் அது நடப்பதில் இருக்கிறது.

அவரையும் வகுப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். உடல்நிலை இடம் கொடுத்தால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அவரும் ஓரிரு முறை பொம்மையை அழுத்திப் பார்க்கட்டும். பாடம் அவரைப் பற்றியது மட்டுமல்ல, உங்கள் அம்மாவுக்கு ஏதாவது நேர்ந்தால் பக்கத்தில் இருக்கப் போகிறவர் அவர்தான். ‘உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும்’ என்று தொடங்காமல், ‘நமக்கு யாருக்கு எது நேர்ந்தாலும் கை கட்டி நிற்கக் கூடாது’ என்று தொடங்கினால் பேச்சு வேறு மாதிரி போகும். வீட்டில் ஒருவர்மீது மட்டும் முழுப் பொறுப்பையும் சுமத்தாதீர்கள். சிபிஆர் தெரிந்த ஒரே காரணத்தால் குளிக்கப் போகவும் அஞ்சி, இரவெல்லாம் கணவரின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த மனைவியரைச் சந்தித்திருக்கிறேன். நோயாளியைக் காவல் காப்பது பயிற்சியின் நோக்கம் இல்லை என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

நோய் முற்றி, இனிச் சிகிச்சையால் பெரிய பயனில்லை என்ற கட்டத்தில் இருப்பவர்களுள் சிலர், இதயம் நின்றால் தம்மை உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்று விரும்புகிறார்கள். அதுவும் மதிக்கப்பட வேண்டிய முடிவு. அவர் தெளிவாகப் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே, மருத்துவரையும் வைத்துக்கொண்டு அதைப் பேசி, உங்கள் நாட்டுச் சட்டம் கேட்கும் வகையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு எந்த வயதிலிருந்து சொல்லித்தரலாம்?

பன்னிரண்டு வயதிலிருந்து பள்ளிகளில் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்ற பரிந்துரையை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஆதரித்தது. அதைவிடச் சிறியவர்களுக்குப் போதிய ஆழம் அழுத்த எடை இருக்காது. ஆனால் தாத்தா எழுந்திருக்கவில்லை என்பதைக் கண்டுகொள்ளவும், அவசர எண்ணை அழைத்து முகவரி சொல்லவும், கதவைத் திறக்கவும் அவர்களால் முடியும். முகவரியைப் பிழையில்லாமல் சொல்லப் பழக்குங்கள். பதற்றத்தில் பெரியவர்களே அதில் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு நான் சிபிஆர் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்த பிறகும் அவர் பிழைக்கவில்லை. நான் சரியாகச் செய்யவில்லையோ என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அவசர சேவைகள் நன்கு அமைந்த நாடுகளிலும், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் பிழைத்து வீடு திரும்புகிறார். தேர்ந்த குழுவினர் எல்லாக் கருவிகளோடும் முயன்றும் கிடைக்கும் எண்ணிக்கை அது. இதயம் ஏன் நின்றது, எந்த வகைத் துடிப்புக் கோளாறு, அடிப்படை நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பவை உங்கள் கையில் இல்லை. நீங்கள் அழுத்தியதால் அவர் இறக்கவில்லை. அவருடைய இதயம் அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. உயிர்ப்பிக்க முயன்ற குடும்பத்தினருக்கு அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவதும் உறக்கம் கெடுவதும் பலருக்கும் நிகழ்கிறது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அம்மாவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் அன்று நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் பலருக்கு உதவியிருக்கிறது; தயங்காமல் நேரம் கேளுங்கள்.

கேள்வி: தொடங்கிவிட்டால் எப்போது நிறுத்தலாம்?

அவர் அசைந்தாலோ, கண் திறந்தாலோ, இயல்பாக மூச்சுவிடத் தொடங்கினாலோ நிறுத்தலாம். அப்போது பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைத் தொடர்ந்து கவனியுங்கள், மறுபடி நின்றால் மறுபடி தொடங்குங்கள். ஏஇடி ‘நோயாளியைத் தொடாதீர்கள்’ என்று சொல்லும்போது மட்டும் கையை எடுத்து, அது முடிந்ததும் உடனே தொடருங்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் எழுந்துவிடாதீர்கள். அவர்களுள் ஒருவர் உங்கள் பக்கத்தில் அமர்ந்து கையை வைத்து, ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள். இவற்றில் எதுவும் நிகழாமல், உங்கள் உடல் இனிமேல் முடியாது என்று சொன்னால், நிறுத்துவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.